முகத்தைக் காட்டாதை

உரும்பிராய்
11.03.2024

தர்ஷன்,

உன்ரை பழைய மின்னஞ்சல் முகவரி இன்னும் இருக்கோ தெரியேல்லை. ரெண்டு போன் இலக்கமும் நிப்பாட்டிக் கிடக்கு. முகநூலிலையும் உன்னைக் காணேல்லை. இது கிடைச்சால் ஆர் எழுதுறதெண்டு விளங்கும். வெள்ளவத்தையிலை உன்னோடை ஒரே அறையிலை இருந்த கோபிசங்கர்.

நான் அங்கையிருந்து வந்த விதம் சரியில்லை. அதைப் பற்றி எப்பிடி எழுதிறதெண்டு தெரியேல்லை, அதாலை எழுதாமல் விடுறன்.

ஊருக்கு வந்தாப் பிறகு சுன்னாகத்திலை ஒரு ஸ்ரூடியோவிலை கலியாண வீடியோ எடுத்துக்கொண்டு திரிஞ்சனான். முதலாளி குடும்பத்தோடை கனடா போயிட்டார். நிலுவைச் சம்பளத்துக்கு ஒரு கமராவையும் ரெண்டு லைற்றையும் தந்திட்டுக் கடையைப் பூட்டிப்போட்டார். மற்ற ஸ்ரூடியோக்காரர் ட்ரோன் வைச்சிருக்கிறவனைத்தான் கேக்கினம். அக்கா கலியாணம் கட்டி சுவிஸிலை. வீட்டிலை அம்மாவும் நானும்தான். அம்மா விடிய வெங்காயத் தோட்டத்துக்குப் போறா, பின்னேரம் கோயிலுக்குப் போறா. நான் வீட்டிலை இருக்கிறன். முப்பது வயசாகப் போகுது, வீட்டிலை இருக்கிறன்.

சுத்தி வளைக்காமல் கேக்கிறன். நீ அப்ப இணையத்திலை காசுக்கு உடம்பைக் காட்டிக் கமராவுக்கு முன்னாலை இருந்து செய்த வேலையை நான் செய்யப் பாக்கிறன். எப்பிடித் தொடங்கிறது, ஒரு ஆம்பிளை என்னத்தைக் கவனிக்க வேணும்? சொல்லுவியோ? கேக்கிறதுக்கு வேறை ஒருத்தரும் இல்லை.

கோபி

---

தெஹிவளை
13.03.2024

திரு. கோபிசங்கர் அவர்களுக்கு,

விளங்கிச்சு. மறக்கக்கூடிய ஆளோ நீர்?

அண்டைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாய். பாத்தாய். துவாயை எடுத்து என்ரை மூஞ்சையிலை எறிஞ்சாய். பாயைச் சுருட்டேக்கைதான் வாய் திறந்தாய். "என்ரை அம்மான்ரை முகத்திலை நான் முழிக்க வேணும்" எண்டு சொன்னாய். நான் செய்த வேலைக்கும் உன்ரை அம்மாவுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கன நாள் யோசிச்சனான். இப்ப நீ கேக்கிறாய், எப்பிடித் தொடங்கிறதெண்டு.

சொல்லுறன். தொடங்காதை. அவ்வளவுதான் என்ரை அறிவுரை.

நான் அதை விட்டிட்டன். போன் திருத்திற கடை ஒண்டிலை நிக்கிறன். உனக்கு வேலைதான் வேணுமெண்டால் முதலாளியிட்டைக் கேட்டுப் பாக்கலாம். மற்றதைப் பற்றி இனி எனக்கு எழுதாதை.

சிவதர்ஷன்

---

உரும்பிராய்
26.03.2024

தர்ஷன்,

தொடங்கிட்டன்.

நேற்று பங்குனித் திங்கள். அம்மா பொங்கிறதுக்கு மட்டுவில் அம்மனிட்டைப் போயிட்டா. லைற்றைப் பக்கவாட்டிலை வைச்சு மெல்லிய துணி போட்டன், மணவறையிலை பொம்பிளைக்குப் போடுற மாதிரி. முகம் நல்லாத்தான் விழுந்தது. சேட்டோடை கதிரையிலை இருந்தன். ஒருத்தரும் வரேல்லை. பிறகு ஒருத்தன் வந்து 'சிரி' எண்டு எழுதினான். சிரிச்சன். போயிட்டான். இன்னொருத்தன் எழும்பித் திரும்பச் சொன்னான். திரும்பிச் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டன். எவ்வளவு நேரம் அப்பிடி நிக்கிறதெண்டு தெரியேல்லை மச்சான். கடைசியிலை மெல்லத் திரும்பிப் பாத்தால் அவனும் இல்லை.

கலியாண வீடுகளிலை எத்தினை பேரைச் சிரிக்கச் சொல்லியிருப்பன்! என்னை ஒருத்தன் சிரிக்கச் சொன்னது நேற்றுத்தான்.

கொழும்பு வேலை வேண்டாம். அம்மாவைத் தனிய விட்டிட்டு வரேலாது. நீ சொல்லித் தந்தால் ஒழுங்காய்ச் செய்வன். சொல்லித் தராட்டில் ஒழுங்கில்லாமல் செய்வன். செய்யாமல் இருக்கமாட்டன்.

கோபி

---

தெஹிவளை
28.03.2024

டேய்,

முகத்தைக் காட்டிப்போட்டியே விசரா. சரி. முதல் நாள், பாத்தது ரெண்டு பேர். அந்தக் கணக்கை அழிச்சிட்டுப் புதுப் பேரிலை திற. இனி எழுதிறதைக் கவனமாய்க் கேள். ஒருக்காத்தான் எழுதுவன்.

முகத்தைக் காட்டாதை. கழுத்துக்கு மேலை ஒண்டும் வேண்டாம். கூடத் தாறம் எண்டுவாங்கள், அரைவாசி முகம் போதும் எண்டுவாங்கள், சொண்டு மட்டும் எண்டுவாங்கள், அழக்கூட அழுவாங்கள். ஏலாதெண்டு சொல்லு.

சுவரைப் பார். கடைப் பேர் போட்ட கலண்டர், சாமிப்படம், பள்ளிக்கூடப் பரிசு ஒண்டும் நிக்கக் கூடாது. நீ படம் எடுக்கிறவன், கண்ணுக்குத் தெரியிறதைத்தான் யோசிப்பாய். சத்தத்தையும் யோசி. உங்கடை கோயில் ஒலிபெருக்கியிலை நாயனம் கேட்டால் ரொறன்ரோவிலை இருக்கிறவன் ஊரைச் சொல்லுவான். வாயாலை கதைக்காதை, எழுது.

இலங்கையிலை இருக்கிறவை பாக்க ஏலாமல் அடைக்கலாம், தளத்திலை அதுக்கொரு இடம் இருக்கு. புதுசாய் வாறவங்கள் அதோடை விட்டிடுவாங்கள். கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, நோர்வே, அவுஸ்திரேலியா எல்லாத்தையும் அடை. அப்ப காசு தரக்கூடியவன் ஆர் மிச்சம் எண்டு கேப்பாய். சரியான கேள்விதான். மற்றச் சாதிசனத்துக்கு உலகம் பெரிசு மச்சான். எங்கடை ஆக்களுக்கு அது ஒரு சின்னக் குறிச்சி.

பொம்பிளையள் வருவினம் எண்டு நினைச்சியோ? வரமாட்டினம். ஆம்பிளையள்தான் வருவாங்கள். அதுக்கு நீ ஓமோ எண்டு உன்னையே கேள். எனக்குச் சொல்லத் தேவையில்லை.

என்னென்ன செய்யமாட்டாய் எண்டதைக் கமராவுக்கு முன்னாலை இருக்க முதலே முடிவெடு. இருந்தாப் பிறகு முடிவெடுத்தால் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டு போகும், திரும்பி ஏறாது. வெறும் வயித்தோடை இராதை. அழுத நாளிலை இராதை, அதை மணந்து பிடிச்சு வாறவங்கள் இருக்கிறாங்கள். எல்லாத்தையும் ஆரோ பதிவெடுக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டே இரு. எடுப்பான்.

கடைசி ஒண்டு. தூசணம் எழுதிறவனுக்குப் பயப்பிடாதை. அவன் வந்த அலுவலைப் பாத்திட்டுப் போயிடுவான். 'சாப்பிட்டியோ' எண்டு கேக்கிறவனுக்குப் பயப்பிடு.

தர்ஷன்

---

உரும்பிராய்
24.05.2024

மச்சான்,

நீ சொன்னபடியே செய்தன். கலண்டரைக் கழட்டி வெள்ளைத் துணி கட்டினன். கழுத்தோடை படத்தை வெட்டினன். இணையத்திலை படம் திருத்திக் குடுக்கிறன் எண்டு அம்மாவுக்குச் சொல்லியிருக்கு. அவ நம்பிறா.

எல்லா நாட்டையும் அடைச்சால் ஈ கலைச்சுக்கொண்டுதான் இருக்க வேண்டிக் கிடக்கு. அதாலை நோர்வேயை மட்டும் திறந்தன். அங்கை எங்களுக்குச் சொந்தமெண்டு ஒருத்தரும் இல்லை.

அங்கையிருந்து ஒருத்தர் வாறார். மார்ட்டின் எண்டு பேர். ஒண்டும் செய்யச் சொல்லமாட்டார். சேட்டைக் கழட்டினால் 'குளிரும், போடு' எண்டு எழுதுவார். இஞ்சை வெயில் கொளுத்துது எண்டு சொல்லிச் சிரிப்பன். என்ன சாப்பிட்டாய் எண்டு கேப்பார். ஓம், நீ எழுதினது ஞாபகம் இருக்கு. எண்டாலும் முருங்கைக்காய்க் கறி எண்டால் என்னெண்டு அந்த மனிசனுக்கு இங்கிலீசிலை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு இருக்கே! அண்டைக்கு முழுக்கச் சந்தோசமாய் இருந்தன்.

எனக்குச் சொல்லத் தேவையில்லை எண்டு நீ எழுதினனி. சொல்லுறன். ஓம். வெள்ளவத்தையிலை இருக்கேக்கையே எனக்குத் தெரியும். அதாலைதான் அண்டைக்குப் பாயைச் சுருட்டினனான். உன்ரை வேலையிலை அருவருத்து இல்லை.

அம்மா சுன்னாகத்திலை ஒரு சம்பந்தம் பேசிறா. பிரதீபா எண்டு பேர், முன்பள்ளி ரீச்சர். ஓமெண்டும் சொல்லேல்லை, வேண்டாமெண்டும் சொல்லேல்லை.

கோபி

---

தெஹிவளை
25.05.2024

கோபி,

கடையிலை வேலைக்கு நடுவிலை வாசிச்சன். கையிலை இருந்த போன் விழுந்து கண்ணாடி வெடிச்சுப்போச்சு. முதலாளி நல்லா ஏசினார்.

பாயைச் சுருட்டின கதைக்கு இப்ப பதில் எழுதமாட்டன். ஒரு நாளைக்கு நேரிலை சொல்லுறன்.

மார்ட்டினை விடு. நோர்வேயை அடை. நீ கேக்கமாட்டாய், அதாலை என்ரை கதையைச் சொல்லுறன். என்னட்டையும் ஒருத்தன் வந்தவன். லண்டன். அவனுக்காகத்தான் முகத்தைக் காட்டினன். கரவெட்டியிலை எங்கடை தோட்டத்துக்குக் கூலிக்கு வாறவை வரைக்கும் அவன் பதிஞ்சு பரப்பின வீடியோவைப் பாத்திட்டினம். ஐயா என்ரை பேரைக் குடும்ப அட்டையிலை வெட்டுவிக்கப் போனவர். அம்மா செத்தது எனக்கு எட்டுச் செலவண்டைக்குத்தான் தெரியும், மச்சாள் ஒளிச்சுப் போன் எடுத்துச் சொன்னவ. கொள்ளி வைச்சது சித்தப்பான்ரை பெடியன்.

பொலிசுக்குப் போகலாம்தானே எண்டு நினைப்பாய். போனால் முதல் எழுதிறது உன்ரை குற்றத்தை.

அந்தப் பிள்ளைக்கு வேண்டாமெண்டு சொல்லு. அது பாவம்.

தர்ஷன்

---

உரும்பிராய்
30.06.2024

தர்ஷன்,

உன்ரை அம்மான்ரை சங்கதி எனக்குத் தெரியாது. அறிஞ்சிருந்தால் வந்திருப்பன் எண்டு எழுத வெளிக்கிட்டன். வந்திருக்கமாட்டன். அதுதான் உண்மை.

எண்டாலும் உனக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்குமெண்டு இல்லை. உனக்கு ஒருத்தன் மோசம் செய்தான் எண்டதுக்காக எனக்கு வாறதையும் நீ தட்டிவிடாதை.

நேற்று முகத்தைக் காட்டினன். அவர் கேக்கேல்லை, நானாய்த்தான் கமராவை நிமித்தினன். போயிட்டாரோ எண்டு பயந்திட்டன். பிறகு எழுதினார், தமிழிலை, 'நீர் நல்ல வடிவு' எண்டு.

தமிழிலை மச்சான்! எங்கடை ஆள். சின்னனிலை போனவராம், சொல்லப் பயத்திலை இருந்தவராம். பிறகு விடிய விடியக் கதைச்சம், வாயாலை. அம்மா, அக்கா, பிரதீபா எல்லாக் கதையும் சொன்னன். என்னை 'கோபி' எண்டு கூப்பிட்டார். என்ரை பேரை ஒருத்தர் அப்பிடிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கோபி

---

தெஹிவளை
30.06.2024

டேய் கோபி,

இத்தினை நாளும் தமிழ் தெரியாதவன் மாதிரி இருந்தவன். நீ முருங்கைக்காயை இங்கிலீசிலை விளங்கப்படுத்தப் பாடுபட, அவன் எல்லாம் தெரிஞ்சுகொண்டு பாத்துக்கொண்டிருந்தவன். அதை நீ அன்பெண்டுறாய்.

பேரைச் சொல்லிப்போட்டாய். ஊரைச் சொன்னியோ? பிரதீபான்ரை பேர், படிப்பிக்கிற இடம் எல்லாம் சொன்னியோ?

இண்டைக்கே எல்லாத்தையும் அழி. அம்மாவுக்கு ஏதும் சாட்டுச் சொல்லிப்போட்டு பஸ் ஏறு. என்ரை அறை சின்னன், இடம் காணும். நான் ஒண்டும் கேக்கமாட்டன், ஒண்டும் எதிர்பாக்கமாட்டன். வா.

தர்ஷன்

---

உரும்பிராய்
21.08.2024

தர்ஷன்,

நீ பிறகு எழுதின கடிதங்கள் எல்லாம் கிடைச்சது. திறக்கேல்லை. நேற்றுத்தான் எல்லாத்தையும் ஒண்டாய் வாசிச்சன்.

ஆனிக் கடைசியிலை அம்மா காலிலை விழாத குறை. பிரதீபாவுக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டன். அதை அவருக்கும் சொன்னன். ஒளிக்க விருப்பமில்லை. 'எனக்கென்ன செய்யப் போறீர்' எண்டு கேட்டார். அம்மாவுக்காக எண்டன், கட்டினாலும் உங்களோடை கதைப்பன் எண்டன். இணைப்பை வெட்டிப்போட்டார்.

பிரதீபான்ரை தமையனுக்குத்தான் வீடியோ முதல் வந்தது. பிறகு சுவிஸிலை அத்தானுக்கு. பிறகு சந்தியிலை நிக்கிற பெடியளுக்கு. முகத்தைக் காட்டின நாள் தொட்டு எல்லாம் பதிஞ்சு வைச்சிருக்கிறான். நான் அழுதது, சிரிச்சது, மற்றது எல்லாம். மார்ட்டின் எண்ட பேரிலை இப்ப அங்கை ஆரும் இல்லை. அவன் ஆரெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. எங்கடை ஒழுங்கையிலை பிறந்தவனாயும் இருக்கலாம்.

பிரதீபா வீட்டிலையிருந்து தாம்பாளத்தோடை எல்லாத்தையும் திருப்பி அனுப்பினவை. கோயில்காரர் எங்கடை உபயமான ஆறாந் திருவிழாவை 'இந்த முறை நாங்கள் பாக்கிறம்' எண்டு சொல்லிப்போட்டினம். அப்பா செத்த வருசம்கூட நிக்காத திருவிழா. அக்கா போன் எடுக்கிறதில்லை.

அம்மா ஏசேல்லை, அடிக்கேல்லை. ஒரு தச்சு வேலைக்காரனைக் கூப்பிட்டு என்ரை அறைக்கதவைக் கழட்டுவிச்சா. நான் படுத்திருக்க அவ விறாந்தையிலை இருந்து வெங்காயம் கட்டுவா. என்னைப் பாக்கமாட்டா. கோப்பையிலை சோத்தைப் போட்டு நிலையடியிலை வைச்சிட்டுப் போவா. தானும் சாப்பிடுறாவோ தெரியேல்லை. கழுத்தெலும்பு தெரியுது.

நான் இருந்து என்ன மச்சான்?

கோபி

---

தெஹிவளை
21.08.2024

கோபி,

கடைசி வரியை வாசிச்சிட்டுக் கடையிலை லீவு கேட்டிட்டன். வெள்ளிக்கிழமை பஸ் எடுத்துச் சனி விடிய உங்கடை வீட்டிலை நிப்பன். அதுவரைக்கும் தனிய இராதை. அம்மா பாக்காட்டிலும் பரவாயில்லை, அவ இருக்கிற இடத்திலை போய் இரு. எனக்கும் அந்த யோசனை வந்தது. ஒரு நாள் தள்ளிப்போட்டன், அடுத்த நாளும் தள்ளிப்போட்டன். இன்னும் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறன். நீயும் சனிக்கிழமை வரைக்கும் தள்ளு.

உன்ரை கடிதத்தின்ரை அடியிலை போன் இலக்கம் இல்லை. என்ரை இலக்கம் இதிலை இருக்கு. எந்த நேரமெண்டாலும் எடு.

தர்ஷன்

---

யாழ்ப்பாணம், பஸ் நிலையம்
24.08.2024

கோபி,

நீ நேற்றே வெளிக்கிட்டிட்டாய். 'தேட வேண்டாம், சாகமாட்டன்' எண்டு எனக்கு அனுப்பின ஒற்றை வரியை இஞ்சை வந்துதான் கண்டன். சாகமாட்டன் எண்டதை நம்பிறன். வேறை வழியில்லை, நம்பிறன்.

உங்கடை வீட்டை போனனான். அம்மா முத்தத்திலை இருந்தவ. "ஆர் தம்பி?" எண்டா. கரவெட்டி, கோபியோடை கொழும்பிலை ஒரு அறையிலை இருந்தனான் எண்டன். கையிலை இருந்த வெங்காயத்தைக் கீழை போட்டிட்டு எழும்பினா.

"கொழும்பிலையோ?"

"ஓம் அம்மா."

என்னைக் காலிலையிருந்து தலை வரைக்கும் பாத்தா. "அப்ப நீதானோ? என்ரை பிள்ளைக்கு உந்தப் பழக்கத்தைப் பழக்கினது நீதானோ?"

இல்லையெண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தன். அவவின்ரை முகத்தைப் பாத்தன். அது கேள்வி இல்லையடா. அவ கெஞ்சிக்கொண்டு நிண்டா. நீயில்லாத ஆரோ ஒருத்தன் அவவுக்கு வேணும்.

"ஓம் அம்மா, நான்தான்" எண்டன்.

விளக்குமாத்தாலை அடிச்சா. கை ஓயும் வரைக்கும் நிண்டன். பிறகு நிலத்திலை இருந்து குழறி அழுதா. "என்ரை பிள்ளை ஒண்டும் தெரியாததடா, அதை ஏன்ரா கெடுத்தனீ" எண்டு. பக்கத்து வீட்டுப் பூரணமக்கா ஓடி வந்து அவவைத் தூக்கி ஒரு கோப்பை தேத்தண்ணி குடுத்தா. குடிச்சா. நான் சந்திக்கு நடந்து வாறதுக்கிடையிலை கதை எனக்கு முன்னாலை போயிட்டுது. கரவெட்டிப் பெடியனாம், கொழும்பிலை வைச்சு மருந்து குடுத்துப் பழக்கினவனாம்.

இனி நீ வீட்டை போகலாம். நீ கெட்டவன் இல்லை, கெடுக்கப்பட்டவன். எங்கடை ஊரிலை ரெண்டாவது ஆளுக்குச் சோறு கிடைக்கும். ஆர் கேட்டாலும் நான்தான் எண்டு சொல்லு. மாத்திச் சொல்லாதை. எனக்கு இஞ்சை இழக்கிறதுக்கு ஒண்டும் இல்லை.

ஒண்டே ஒண்டு. ஊருக்குச் சொல்ல வேண்டாம், அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். அது நானில்லை எண்டு உனக்குத் தெரியும் எண்டதை எனக்கு ஒருக்கா எழுதிவிடு. ஒரு வரி காணும்.

தர்ஷன்

---

உரும்பிராய்
22.09.2024

தர்ஷன்,

வீட்டை வந்திட்டன். வவுனியாவிலை ஒரு லொட்ஜிலை இருந்தனான். கையிலை இருந்த காசு முடிய அங்கையும் கமராவைத் திறந்தன், முகத்தோடை. உன்ரை கடிதத்தைக் கண்டும் உடனை வெளிக்கிடேல்லை. வெக்கமாய் இருந்தது. பிறகு பசி வந்தது.

அம்மா படலையிலேயே கட்டிப்பிடிச்சா. சோறு போட்டா. போட்டுக்கொண்டு உன்னைத் திட்டினா. உன்ரை ஐயாவையும் விடேல்லை, செத்த அம்மாவையும் விடேல்லை. நான் குனிஞ்சு சாப்பிட்டன். "அவன்தானே ராசா உன்னை உப்பிடி ஆக்கினவன்?" எண்டு கேட்டா. ஓம் எண்டன். "மருந்து தந்தவனோ?" எண்டா. அதுக்கும் ஓம் எண்டன். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கினன்.

அம்மா இப்ப என்னைப் பாத்துக் கதைக்கிறா. சாப்பிடுறா. ஐயர் போன வெள்ளி எனக்குக் கையாலை விபூதி தந்தவர். அக்கா போன் எடுத்து அழுதவ.

நீ ஒரு வரி கேட்டனி. அதுக்கெண்டு எத்தினை தரம் இருந்திருப்பன். எழுத வருகுதில்லை. கேக்கிறவைக்கெல்லாம் ஓம், ஓம் எண்டு சொல்லச் சொல்ல, சில நேரம் எனக்கும் அப்பிடித்தான் நடந்தது போலை கிடக்கு. தொடங்காதை எண்டு எழுதினதோடை நீ நிப்பாட்டியிருந்தால், அடுத்த கடிதத்தை எழுதாமல் விட்டிருந்தால், எப்பிடிச் செய்யிறதெண்டு எனக்குத் தெரிஞ்சிராது. இது நியாயமில்லை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதிறன், வேறை ஆரிட்டைச் சொல்ல.

உன்னோடை ஒரு தொடர்பும் வைக்கமாட்டன் எண்டு அம்மா கற்பூரத்திலை அடிச்சுச் சத்தியம் வாங்கிப்போட்டா. இந்த முகவரியை இதோடை மூடுறன்.

நேற்றுப் பின்னேரம் சந்தியிலை பெடியள் மறிச்சாங்கள். அடிக்கப் போறாங்கள் எண்டு நினைச்சன். பிளேன்ரீ வாங்கித் தந்தாங்கள். அந்தக் கரவெட்டிக்காரன் திரும்ப இந்தப் பக்கம் வந்தால் காலை முறிச்சு விடுறதெண்டு கதைச்சாங்கள். கதைச்சுப்போட்டு என்னைப் பாத்தாங்கள். முறிக்கத்தான் வேணும் எண்டு நானும் சொன்னன்.

வராதை.

கோபி